ஓவியனுக்கு எந்த வெளிச்சம்?

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பலகை எழுதும் இளைஞர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். காலையில் பால்மரம் சீவிவிட்டு, இரவில் லயத்து வீட்டின் மஞ்சள் பல்பின் கீழே உட்கார்ந்து வண்ணம் தீட்டுவார்கள். விடிந்ததும் பலகையை வாசலுக்குக் கொண்டுவந்தால் முகம் வாடிவிடும். வெள்ளை எழுத்தின் ஓரத்தில் மெல்லியதாகக் கொடுத்த மஞ்சள், மிதமிஞ்சி நிற்கும். கறுப்பென்று நினைத்துத் தீட்டிய இடம் கருநீலமாக இருக்கும். பெயிண்டும் வீண், ஓரிரவுத் தூக்கமும் வீண். இது கையின் குற்றமன்று, விளக்கின் குற்றம். மஞ்சள் பல்பின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. இல்லாத நிறத்தைக் கண் எப்படிக் காணும்?

இந்தத் தொல்லை பழைய தொல்லைதான். ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே நடுப்பகலில் சூரியன் எப்போதும் தென்பக்க வானத்திலேயே நிற்கிறது. ஆகவே வடக்குப் பார்த்த சன்னலில் பகல் நேரத்தில் வெயில் நேரே விழுவது அரிது. வானத்தின் ஒளி மட்டும் வரும். அது கூசாது, காலைக்கும் மாலைக்கும் அதிகம் மாறாது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1639இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாங்கிய வீட்டில், அவருடைய ஓவிய அறையின் சன்னல்கள் வடக்கு நோக்கியே இருந்தன. ‘வடக்கு வெளிச்சம்’ என்பது ஓவியர்களிடையே வேதவாக்கு போல் ஆகிவிட்டது.

அந்த வேதம் ஜொகூரில் பலிக்காது! நம் ஜொகூர் பாரு, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றரை பாகையில்தான் இருக்கிறது. மார்ச்சுக் கடைசி வாரம் முதல் செப்டம்பர் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. ஆதலால் வடக்குச் சன்னல் வைத்தாலும் ஆண்டில் பாதி நாள் அதிலும் வெயில் புகும். ஐரோப்பியப் புத்தகத்தைப் படித்து அறை கட்டுகிறவர் இங்கே ஏமாந்துதான் போவார். ஆனால் நமக்கு ஒரு வசதி உண்டு. நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேலேயே நிற்பதால், வடக்கிலும் தெற்கிலும் நன்றாக நீட்டிய தாழ்வாரம் ஒன்றே வெயிலைத் தடுத்துவிடும். கிழக்கும் மேற்கும்தான் ஆகாதவை. அங்கே சூரியன் தாழ்ந்து வந்து நேரே உள்ளே பாயும்.

தோட்டத்து வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சன்னலுக்கு எதிரே ரப்பரோ செம்பனையோ அடர்ந்து நின்றால், வரும் ஒளியே பச்சை கலந்து வரும். சுவர் நல்ல நீலமாக இருந்தால் தாளின் மேலும் நீலம் படியும். ஜொகூர் பாருவில் 1922இல் சிறு குடிலாகத் தொடங்கி, 2009இல் கண்ணாடிக் கோயிலாக எழுந்த ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயத்திற்குப் போனவர்களுக்கு இது விளங்கும். அங்கே வண்ணக் கண்ணாடித் துண்டுகள் ஒளியை அள்ளி வீசும்போது நம் வேட்டியின் நிறமே மாறிப்போகிறது. சாமி கும்பிட அது அழகு. படம் எழுத ஆகாது. ஓவியம் தீட்டும் மூலைக்கு வெள்ளைச் சுண்ணாம்பே போதும்.

பகல் இவ்வளவுதான். 1982 சனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அன்று முதல் நமக்கு விடிவதும் ஏறக்குறைய ஏழு மணி, இருட்டுவதும் ஏறக்குறைய ஏழு மணி. வேலையும் பள்ளியும் முடிந்து தூரிகை எடுக்கும் பிள்ளைக்கு மிஞ்சுவது கொஞ்ச நேரமே. அதன் பிறகு விளக்குதான்.

மண்ணெண்ணெய் விளக்கின் காலத்தையும், குறித்த மணிக்கு நின்றுவிடும் தோட்டத்து ஜெனரேட்டரின் காலத்தையும் நம் பெரியவர்கள் மறக்கவில்லை. பிறகு வந்த இழை பல்பு, உண்ட மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே கக்கியது. ஓவியர்களுக்கென்று நீலக் கண்ணாடி பல்பும் செய்தார்கள். அது சிவப்பை விழுங்கி நிறத்தைச் சரிசெய்தது. ஆனால் வெளிச்சமும் கூடவே குறைந்தது. 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த குழல் விளக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. ஆயினும் பழைய குழல்களின் கீழே குங்குமச் சிவப்பு செத்துத்தான் தெரிந்தது.

பெரிய மாற்றம் சப்பானிலிருந்து வந்தது. பிரகாசமான நீல ஒளி தரும் எல்.இ.டி. 1990களின் தொடக்கத்தில் கைகூடியது. அதற்காக அக்கசாகி, அமானோ, நக்காமுரா ஆகிய மூவர் 2014இல் நோபெல் பரிசு பெற்றனர். அந்த நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூசினால் வெண்மை பிறக்கிறது. 60 வாட் இழை பல்பு தந்த வெளிச்சத்தை இது ஏறத்தாழ 9 வாட்டில் தருகிறது. நாளுக்கு 4 மணி நேரம் எரித்தால், மாதம் 7 யூனிட்டுக்கு மேல் போன இடத்தில் 1 யூனிட் சொச்சமே போகும்.

ஆனால் மலிவு விளக்குகளில் இங்கும் சிவப்பு குறைகிறது. ஆகவே கடையில் வாட்டை மட்டும் கேட்டு வாங்கிவிடக் கூடாது. பெட்டியின் மேல் இரண்டு எண்களைத் தேடுங்கள். ‘கே’ என்ற எழுத்தோடு வரும் எண் 5000 முதல் 6500 வரை இருந்தால் அது பகல் ஒளியின் சாயல். 2700 என்றால் பழைய மஞ்சள்தான். ‘சி.ஆர்.ஐ.’ அல்லது ‘ஆர்.ஏ.’ என்று அச்சிட்டிருப்பது, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு. நூறே அதன் உச்சம். சாதாரண விளக்கு 80 காட்டும்; ஓவியத்துக்கு 90க்குக் குறையாமல் வேண்டும். இது சற்று விலை கூடியதுதான். வீடு முழுவதற்கும் வாங்க வேண்டியதில்லை; பிள்ளை எழுதும் மூலைக்கு ஒன்று போதும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கம், தலைக்குச் சற்று மேலே மாட்டுங்கள். கை நிழல் தாளில் விழாது. அருகில் மஞ்சள் பல்பு எரிந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

விளக்கு நல்லதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இரவில் குங்குமம், மஞ்சள், நீலம் மூன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் தீட்டி வையுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே தாளைத் தாழ்வாரத்தில் வைத்து, இரவு பார்த்த நிறங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.