லைன் வீடு வந்த வழி

பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ ஏதாவது ஒரு சந்துக்குள் நுழைந்தால் இன்னும் ஓரிரண்டு தென்படும். நீளமான ஒரே ஓட்டுக் கூரை. அதன் கீழே ஒட்டி ஒட்டி எட்டு வாசல்கள், சுவரில் வரிசையாக எட்டு ஈ.பி. மீட்டர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு துவைக்கிற கல், ஒரு உப்புத்தண்ணிக் குழாய், கோடியில் கக்கூஸ். கோயமுத்தூர்க்காரர்களுக்கு லைன் வீட்டை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது எங்கெங்கே சுற்றிவிட்டு இங்கே வந்தது என்று கேட்டால் யோசிப்பார்கள்.

ஒரே கட்டடத்தில் பல குடும்பங்களை வைத்து வாடகை வாங்கும் தொழில் பழைய ரோமாபுரியிலேயே கொழித்தது. கீழே கடை, மேலே மாடி மாடியாகக் குடித்தனம். அடிக்கடி தீயும் பிடிக்கும். கிராசஸ் என்ற பெரும் பணக்காரர் எரிகிற வீட்டையும், பயந்துபோன பக்கத்து வீட்டுக்காரரின் வீட்டையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போடுவார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கட்டித் தருவதற்குக் கொத்து வேலை தெரிந்த அடிமைகள் ஐந்நூறு பேருக்கு மேல் அவரிடம் இருந்தார்களாம். பிறகு வந்த அகஸ்டஸ், 70 அடிக்கு மேல் கட்டக்கூடாது என்று தடை போட வேண்டியதாயிற்று.

பல நூற்றாண்டுகள் கழித்து, நீராவி ஆலைகள் எழுந்த இங்கிலாந்தில் இதே தொழில் புது வேகம் பிடித்தது. வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்த வேகத்துக்கு வீடுகள் எழவில்லை. லீட்ஸ் நகரத்து மேஸ்திரிகள் பின்சுவரைக்கூடப் பொதுவாக்கி, முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளைக் கட்டித் தள்ளினார்கள். 1909-இல் சட்டம் தடுத்தும், அந்த ஊரில் 1937 வரை கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் பக்கம் வரிசை வீட்டைப் பரப்பியதில் பட்டாளத்துக்குப் பங்கு உண்டு. கன்டோன்மென்ட்டில் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகக் குடியிருப்பு. அதையே போலீஸும் ரயில்வேயும் பிடித்துக்கொண்டன. இலங்கை மலைகளிலும் வால்பாறையிலும் எஸ்டேட் ஆட்களுக்கு இதே அச்சில்தான் வீடு. மலைப்பயிர்களில் ஒன்றான காபித் தொழிலில் இருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ்தான் 1888-இல் கோயமுத்தூருக்கு முதல் நூற்பாலையைக் கொண்டுவந்தார் என்பது நல்ல பொருத்தம்.

கூரையின் கதை தனி. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டுக்கு 1841-இல் காப்புரிமை வாங்கியவர்கள் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள். மதம் பரப்ப வந்த பாசல் மிஷன்காரர்கள், மதம் மாறியவர்களுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று 1865-இல் மங்களூரில் அந்த வகை ஓட்டுக்கு ஆலை தொடங்கினார்கள். களிமண் நன்றாக அமைந்தது, ஓடு விற்றது. உள்ளூர் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? போட்டி ஆலைகள் முளைத்து, மலபார்க் கரை முழுக்கச் சூளைப் புகை. அந்தக் கரையையும் கோயமுத்தூரை ஒட்டிய போத்தனூரையும் 1862-லேயே ரயில் இணைத்திருந்ததால், பாலக்காட்டுக் கணவாய் வழியே சீமை ஓடு சுலபமாக ஊருக்குள் வந்தது.

அடுத்து பிளேக். 1896-இல் பம்பாயைத் தாக்கிய நோய்க்குப் பயந்து அங்கே 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். சால் என்ற மாடிக் குடியிருப்புகளை அரசே கட்டத் தொடங்கியது. கோயமுத்தூரையும் பிளேக் விடவில்லை. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அதற்குச் சாட்சி. நெரிசலுக்கு வெளியே மனைகள் பிரித்து, வசதி உள்ளவர்கள் ஆர்.எஸ்.புரம் பக்கம் நகர்ந்தார்கள். மில் ஆட்கள் மில்லை ஒட்டியே தங்கினார்கள். 1932-இல் பைக்காரா மின்சாரம் பிறந்ததும் மில்கள் பெருக, சங்குச் சத்தம் கேட்கும் தூரத்துக்குள் காலி இடம் வைத்திருந்தவர்கள் லைன் போட்டார்கள். சோளம் விளைந்த காட்டில் மாதா மாதம் வாடகை விளைந்தது.

வாடகையைக் கட்டிப்போட்ட சட்டமும் கடல் கடந்து வந்ததுதான். முதல் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் ஏற்றிய வாடகையைத் தர மறுத்துத் தெருவில் இறங்கினார்கள். 1915-இல் பிரிட்டன் வாடகையை உறைய வைத்தது. 1918-இல் பம்பாய் அதைப் பின்பற்றியது. இரண்டாம் போரின்போது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பவரைக் கண்டபடி வெளியேற்ற முடியாமல் செய்தது. 2019-இல் அமலுக்கு வந்த புதுச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. பழைய லைன்களில் பலருக்கு வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம்.

இப்போது லட்சுமி மில்ஸ் வளாகத்தில் லூலு கடை, விளாங்குறிச்சியில் டைடல் பார்க், அவிநாசி ரோட்டுக்கு மேலே ஜி.டி. நாயுடு பெயரில் பத்து கிலோமீட்டர் பாலம். லைன் வீடு விலைக்கு வந்தால் புரோக்கர் சொல்வது ஒன்றுதான்: "ஏனுங்க, வீட்டப் பாக்காதீங்க, எடத்தப் பாருங்க." முன்பு வாடகை வரவைக் கணக்குப் போட்டு வாங்கினார்கள், இப்போது சென்ட்டுக்கு இவ்வளவு என்கிறார்கள். ஆனால் எட்டு வாசலில் ஆறில் ஆட்கள் இருந்தால், கிரயப் பத்திரத்தோடு அந்த ஆறு குடும்பங்களின் உரிமையும் வாங்குபவர் கைக்கு வந்து சேரும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்து. இவற்றோடு யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் விசாரிக்காதவர், பிறகு கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

இடித்துக் கட்டுகிற அப்பார்ட்மென்ட்டில் ஒவ்வொரு குடும்பமும் வாங்குவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. உப்புத்தண்ணிக் குழாய்க்குப் பதில் பொதுவில் ஒரு போர்வெல். படுத்திருந்த லைன் எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான். படுத்த லைனும் ஒழிந்துவிடவில்லை. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளை ஒட்டி, ஓட்டுக்குப் பதில் சிமென்ட் ஷீட் போட்டுப் புதிது புதிதாக எழும்புகிறது. வாசலில் கேட்பது போஜ்புரியும் ஒடியாவும். வேலை போகிற ஊருக்கெல்லாம் லைன் வீடும் பின்னாலேயே போகிறது.