செயற்கை இடுப்பில் ஒளிந்திருக்கும் கிருமி

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962 நவம்பரில் டாக்டர் ஜான் சார்ன்லி பொருத்திய இடுப்பு மூட்டுதான் இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுகளுக்கு முன்னோடி. உலோகத் தண்டு, பாலிஎத்திலீன் கிண்ணம், இரண்டையும் எலும்பில் பிடித்து வைக்க ஒரு சிமெண்ட். நடக்க முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்! ஆனால் அவருடைய தொடக்கக் கால நோயாளிகளில் சுமார் 7 விழுக்காட்டினருக்குக் கிருமித்தொற்று ஏற்பட்டது. அறுவை அறைக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தியும், உடலை முழுதும் மூடும் உடை அணிந்தும் அதை 1 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார் சார்ன்லி.

தொற்று குறைந்தது, சரி. வந்துவிட்ட தொற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

தோலைத் துளைத்துச் சீழ் வடிந்தால் சந்தேகமே இல்லை. பலருக்கோ காய்ச்சலும் இருக்காது, சீழும் இருக்காது. சில ஆண்டுகள் கழித்து வலி மட்டும் வரும். எக்ஸ்ரேயில் மூட்டு ஆட்டம் கண்டிருப்பது தெரியும். வெறும் தேய்மானத்தாலும் இதே நிலை வரும். தேய்மானம் என்று நினைத்துப் புது மூட்டு வைத்தபின் உள்ளே கிருமி இருந்தால், அந்த மூட்டும் கெட்டுப்போகும்.

ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகள் உதவின. ஆனால் வாத நோயிலும் இவை உயரும். மூட்டுத் திசுவை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தால், தோலில் சாதாரணமாக வாழும் கிருமியே பல நேரம் முளைக்கும். அது நோய்க்குக் காரணமா, அறுவையின்போது ஒட்டிக்கொண்டதா? 1998ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: ஐந்தாறு இடங்களில் தனித்தனியே திசு எடுங்கள், ஒரே கிருமி பல மாதிரிகளில் வந்தால்தான் நம்புங்கள்.

இன்னொரு சிக்கல், கிருமிகள் பயோஃபிலிம் என்னும் பசைப்படலம் கட்டி உலோகத்தில் ஒட்டிக்கொள்வது. 2007ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், 331 பேரிடமிருந்து அகற்றிய இடுப்பு, முழங்கால் மூட்டுகளை ஒலி அலைகளால் அதிரவைத்துக் கிருமிகளை உதிர்த்தார்கள். திசு மாதிரிகள் 60.8 விழுக்காடு தொற்றுகளைக் காட்டின. இந்த முறை 78.5 விழுக்காட்டைக் காட்டியது.

2011ல்தான் அமெரிக்கத் தசை எலும்புத் தொற்றுச் சங்கம் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து ஒரு பொது வரையறை தந்தது. 2018ல் அது மதிப்பெண் முறையாக மாறியது. சார்ன்லியின் மூட்டுக்கு அரை நூற்றாண்டு கடந்தும், 'தொற்று இல்லை' என்று உறுதியாகச் சொல்லும் ஒற்றைச் சோதனை கிடையாது. பல சாட்சிகளைக் கேட்ட பிறகே தீர்ப்பு!