பிள்ளையைத் திருப்பி அனுப்பும் வழக்கு: நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?

பிரிந்த பெற்றோரில் ஒருவர் மற்றவரின் சம்மதமின்றிப் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், இரு நாடுகளுக்குமிடையே 1980 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை நடைமுறையில் இருந்தால் வழக்கு அதன்கீழ் வரும். தாயா தகப்பனா நல்லவர் என்று அங்கே விசாரிப்பதில்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளை வழமையாக வாழ்ந்த நாடு எது என்பதே கேள்வி. பராமரிப்புரிமையை அந்நாட்டு நீதிமன்றம் பின்னர் தீர்மானிக்கும்.

ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் திருப்பி அனுப்புவதே பொதுவிதி. பிந்தினால், பிள்ளை புதிய இடத்தில் ஊன்றிவிட்டது என்ற வாதம் எழும்.

அடி உதைக்குத் தப்பி வந்த தாய்க்கு 13 ஆவது உறுப்புரை இருக்கிறது: பிள்ளைக்குப் பாரதூரமான ஆபத்து என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்த பின்பும், ஆபத்தைக் குறைக்கும் ஒழுங்குகள் அனைத்தையும் நீதிபதி ஆராய வேண்டுமென்ற கட்டாயமில்லை என 2022 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமதமாக வந்த நியாயம் என்றே நான் சொல்வேன்.

இலங்கை 2001 இல் இணைந்தது. இங்கு விண்ணப்பங்களைக் கையாள்வது நீதியமைச்சு. இந்தியா இணையவில்லை. தமிழ்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைக்காக அங்கே ஆட்கொணர்வு மனுவைத்தான் நாட வேண்டியிருக்கும்.