ஒரு பாயின்ட் எவ்வளவு? அச்செழுத்து அளவுகளின் வரலாறு

அச்செழுத்தின் அளவைச் சொல்லும் 'பாயின்ட்' ஒரே பெயர் கொண்ட பல அலகுகளின் தொகுப்பு. பாரிசின் பாயின்ட் ஒன்று, சிகாகோவின் பாயின்ட் வேறு, கணினியின் பாயின்ட் மற்றொன்று. பக்க வடிவமைப்பில் அலகு மாற்றும் கணக்கு தேவைப்படுவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அச்சகங்கள் எழுத்தின் அளவை எண்ணால் சொல்லவில்லை, பெயரால் சொன்னன. இங்கிலாந்தில் நான்பரேல், பிரெவியர், லாங் பிரைமர், பைக்கா, பிரான்சில் சிசெரோ. ஓர் எழுத்து வார்ப்பகத்தின் பைக்கா இன்னொரு வார்ப்பகத்தின் பைக்காவோடு பொருந்தாது. இரண்டையும் ஒரே வரியில் கோத்தால் உயரம் குறைந்த எழுத்துகள் ஆடும். மெல்லிய தகடோ தாள் துண்டோ செருகித்தான் வரியை இறுக்க முடியும்.

இங்கே உயரம் என்பது எழுத்து வடிவத்தின் உயரமன்று; அதைத் தாங்கி நிற்கும் ஈயக் கட்டையின் உயரம். 12 பாயின்ட் எழுத்தை அச்சிட்டு அளவுகோல் வைத்துப் பார்த்தால் 12 பாயின்ட் வராததன் காரணம் இதுதான். ஈயக் கட்டை மறைந்த பின்பும் கணினி எழுத்துருக்களில் இந்த முறை தொடர்கிறது.

பெயர்களை எண்களாக்கிய முதல் முறையை 1737இல் பாரிஸ் எழுத்து வார்ப்பாளர் பியேர் சிமோன் ஃபூர்னியே வெளியிட்டார். 2 அங்குல நீளத்தை 144 பாயின்டாகப் பிரித்த அளவுகோலை அவர் அச்சிட்டுக் கொடுத்தார். ஆனால் அக்காலத்தில் தாளை நனைத்தே அச்சிட்டார்கள். காய்ந்ததும் தாள் சுருங்கும். அதனால் அவருடைய பாயின்டை இன்று 0.345 முதல் 0.349 மி.மீ. வரை என்று தோராயமாகவே சொல்ல முடிகிறது.

ஏறத்தாழ 1783இல் ஃபிரான்சுவா அம்புருவாஸ் திதோ இக்குறையைத் தீர்த்தார். பிரெஞ்சு அரசின் சட்ட அளவான 'அரச அடி'யையே அவர் அடிப்படையாக்கினார். அதன் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு ஒரு பாயின்ட். 12 பாயின்ட் ஒரு சிசெரோ. 1790களில் பிரான்ஸ் மீட்டருக்கு மாறியபோதும் திதோ பாயின்ட் மாறவில்லை. 1879இல் பெர்லினின் ஹெர்மன் பெர்தோல்ட் அதை மீட்டரோடு பிணைத்தார்: 1 மீட்டருக்கு 2,660 பாயின்ட், அதாவது ஒன்று சுமார் 0.376 மி.மீ.

அமெரிக்காவின் வழி வேறு. 1871இல் சிகாகோவைப் பொசுக்கிய பெருந்தீயில் மார்டர், லூஸ் நிறுவனத்தின் வார்ப்பகம் அழிந்தது. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய நேர்ந்தபோது அது ஒழுங்கான பாயின்ட் முறைக்கு மாறியது. 1886இல் அமெரிக்க வார்ப்பாளர் சங்கம் பொது அளவை வகுத்தது. பிலடெல்பியாவின் மக்கெல்லர், ஸ்மித்ஸ் அண்ட் ஜோர்டான் நிறுவனத்தின் பைக்காவே அதற்கு அடிப்படை: 83 பைக்கா 35 செ.மீ. அதன்படி, பைக்காவில் 12இல் ஒரு பங்கான பாயின்ட் சுமார் 0.351 மி.மீ.; 72 பாயின்ட் சேர்ந்தாலும் ஓர் அங்குலம் நிறையாது. 1898இல் பிரிட்டனும் இதை ஏற்றது. இந்திய அச்சகங்களுக்குப் பாயின்ட் கணக்கு வந்தது இவ்வழியே.

கணினியில் பக்கம் அமைக்க டொனால்ட் கனூத் 1978இல் உருவாக்கிய டெக் நிரல் அமெரிக்க அளவுக்கு உண்மையாக இருந்தது: 1 அங்குலம் 72.27 பாயின்ட். 1984இல் வந்த அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி பின்னத்தை நீக்கி 72 என்று முழு எண்ணாக்கியது, பாயின்ட் 0.3528 மி.மீ. ஆயிற்று. அதே ஆண்டு வந்த மெக்கின்டாஷ் திரையிலும் அங்குலத்துக்கு 72 பிக்சல். மறு ஆண்டு லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் பேஜ்மேக்கர் மென்பொருளும் வந்தபின் இதுவே பொது அளவாயிற்று. இணையப் பக்க வடிவமைப்பு விதிகளில் 72 பாயின்டும் 96 பிக்சலும் 1 அங்குலம். ஆகவே 12 பாயின்ட் 16 பிக்சல்.

வேறுபாடு சிறிதாகத் தெரிந்தாலும் பக்கத்தில் அது பெருகும். 12 பாயின்ட் இடைவெளியில் 50 வரிகள் என்றால் 600 பாயின்ட். அமெரிக்க அளவில் இது ஏறத்தாழ 210.9 மி.மீ., கணினி அளவில் 211.7 மி.மீ. சிசெரோவை பைக்கா என்று கொண்டால் பிழை இன்னும் பெரிது. 20 சிசெரோ அகலப் பத்தி 90.2 மி.மீ.; 20 பைக்கா 84.7 மி.மீ. தான். பத்தியின் அகலம் ஐந்தரை மி.மீ. குறைந்தால் ஒவ்வொரு வரியும் வேறிடத்தில் உடையும்.

ஆகவே எந்தப் பழைய அளவையும் முதலில் மில்லிமீட்டராக்கி, பிறகே கணினிப் பாயின்டாக்க வேண்டும்: மில்லிமீட்டரை 72ஆல் பெருக்கி 25.4ஆல் வகுத்தால் போதும். 210க்கு 297 மி.மீ. கொண்ட ஏ4 தாள் இக்கணக்கில் 595.28க்கு 841.89 பாயின்ட். பழைய நூலொன்றை அதன் அமைப்பு மாறாமல் மறுபதிப்பு செய்பவர் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த நாட்டின், எந்தக் காலத்தின் பாயின்ட் என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.