ஒரு மரத்துக்கு ஒரு தலை

"நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை" என்று ஆரம்பிக்கும் ஃபார்வர்டுகள் உங்களுக்கும் வந்திருக்கும். அந்தக் காலத்து மனுஷன் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தான், மரத்தைக் கும்பிட்டான், தேவைக்கு மேல் ஒரு கிளையைக்கூட ஒடிக்கவில்லை, நாம்தான் வந்து எல்லாத்தையும் கெடுத்தோம் என்கிற ரீதியில் போகும். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கு ஒரு சின்ன சந்தேகம். எல்லோரும் அப்படியே வாழ்ந்திருந்தால், பெட்ரோலும் புல்டோசரும் வருவதற்கு முன்பே உலகத்தில் இத்தனை மலைகள் மொட்டையானது எப்படி?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது ஜப்பான் சரித்திரத்தில். ஆபீஸில் ஒரு ஜப்பானிய கிளையன்ட்டோடு மூன்று வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அவங்க ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாமே என்று படிக்க ஆரம்பித்து, எடோ காலத்தில் போய் மாட்டிக்கொண்டேன். எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். 1603லிருந்து 1868 வரை டோகுகாவா வம்சத்து ஷோகன்கள் அங்கிருந்து நாட்டை ஆண்டார்கள்.

முதலில் இன்றைய கணக்கு. ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. பணக்கார நாடுகளில் இந்த அளவுக்குக் காடு இருப்பது பின்லாந்து, ஸ்வீடன் மாதிரி ஒன்றிரண்டு இடங்களில்தான். அங்கெல்லாம் ஜன நெருக்கடி கிடையாது. ஜப்பானில் 12 கோடிப் பேர் இருக்கிறார்கள். உடனே "பாத்தியா, ஜப்பான்காரன் இயற்கையை நேசிக்கிறவன்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஜப்பான் தன் காட்டை ஏறக்குறைய மொட்டையடித்து முடித்திருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் நடந்த உள்நாட்டுச் சண்டைகள் 1600 வாக்கில் ஓய்ந்தன. சண்டை ஓய்ந்தால் மரம் பிழைக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. நிம்மதியாக உட்கார்ந்த பிரபுக்கள் (டைம்யோ என்று பெயர்) ஆளுக்கொரு கோட்டை, கோட்டையைச் சுற்றி ஒரு நகரம் என்று கட்ட ஆரம்பித்தார்கள். ஹிடெயோஷி ஒரு பக்கம் ஒசாகா கோட்டையும் கியோட்டோவில் பிரம்மாண்டமான புத்தர் கோயிலும் கட்டினார். அவருக்குப் பின் வந்த இயெயாசு எடோவையே கட்டினார். எல்லாம் மரம். கோட்டையின் அடித்தளம் மட்டும்தான் கல். வீடு மரம், பாலம் மரம், கப்பல் மரம், சமைக்க விறகு, உப்புக் காய்ச்ச விறகு, இரும்பு உருக்கக் கரி.

போதாக்குறைக்குத் தீ. மரத்தாலான ஊரில் வீட்டுக்கு வீடு அடுப்பும் விளக்கும் இருந்தால் என்ன ஆகும்? 1657ல் எடோவில் பிடித்த தீ பாதி ஊருக்கு மேல் தின்றுவிட்டது. செத்தவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். ஊரைத் திரும்பக் கட்ட மறுபடியும் மரம். எங்கிருந்து? மலையிலிருந்து.

இன்னொரு பக்கம் விவசாயி. அவனுக்கு வயலுக்குத் தழையுரம் வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும். எல்லாம் அதே மலைச்சரிவுதான். பெரிய மரத்தைப் பிரபு வெட்டினார், மிச்சம் இருந்த புதரையும் இலைச்சருகையும் விவசாயி வாரினான், சில இடங்களில் வேரைக்கூட விடாமல் தோண்டினார்கள். அப்புறம் மழை வந்தது. பிடித்து வைக்க வேர் இல்லாத மண் ஆற்றுக்கு வந்தது, ஆறு மேடாகி வெள்ளம் நெல் வயலுக்குள் புகுந்தது. குமசாவா பன்சான் (1619–1691) என்கிற அறிஞர் அப்போதே நாட்டின் பெரும்பாலான மலைகள் மொட்டையாகிவிட்டன என்று எழுதிப் புலம்பினார். ஷோகன் ஆட்சியை வேறு விமர்சித்ததால், கடைசிக் காலத்தில் வீட்டுக்காவலில் இருந்தே செத்துப்போனார். சூழலியல் பேசினால் உள்ளே போவது இன்று நேற்று ஆரம்பித்த விஷயம் இல்லை போலிருக்கிறது :-)

ஆனால் அவர் சொன்ன மாதிரிக் கவலை மேலிடத்துக்கும் எட்டியிருந்தது. 1666ல் ஷோகனின் மூத்த அமைச்சர்கள் ஓர் ஆணை போட்டார்கள். சாராம்சம் இதுதான்: புல் வேர், மரவேரைத் தோண்டாதே, ஆற்றோரத்தில் மரம் இல்லாத இடங்களில் கன்று நடு, ஆற்றுப்படுகையை வயலாக்காதே. மலையில் மரம் போனால் அடிவாரத்தில் சோறு போகும் என்கிற சங்கிலியை ஒரு அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

ஆணை போட்டால் போதுமா? நம்ம ஊரில் எத்தனை ஆணை பார்த்திருக்கிறோம்! இவர்கள் அதைச் செய்து காட்டிய விதத்துக்கு உதாரணம் கிசோ பள்ளத்தாக்கு. ஒவாரி என்கிற பிரபு வம்சத்துக்குச் சொந்தமான இடம். ஹினோகி என்ற அருமையான மரத்துக்குப் பேர் போனது. வெட்டித் தீர்த்தபின் 1665 வாக்கில் முழித்துக்கொண்டு, மலைகளைப் பிரித்தார்கள். சில மலைகளில் யாருமே நுழையக்கூடாது, சிலவற்றில் ஊர்க்காரர்கள் விறகும் புல்லும் எடுக்கலாம். 1708ல் தடை இன்னும் இறுகியது. கடைசியில் ஹினோகி, சவாரா, அசுனாரோ, கோயமாக்கி, நெசுகோ என்று ஐந்து மரங்களைத் தொடவே கூடாது என்றானது. ஏன் ஐந்து? மற்றவையும் ஹினோகி மாதிரியே இருக்குமாம். "தெரியாம வெட்டிட்டேன் சாமி" என்று தப்பிக்க வழி இருக்கக்கூடாதே! சாலையில் சோதனைச் சாவடி வைத்து, கடத்தப்படும் மரச்சாமானைப் பரிசோதித்தார்கள். "ஒரு மரத்துக்கு ஒரு தலை, ஒரு கிளைக்கு ஒரு கை" என்று அந்தப் பக்கம் சொல்வழக்கே உண்டு. இன்று கிசோவில் நிற்கும் 300 வயசு ஹினோகிகள் அந்தத் தடைக்குப் பின் தானாக முளைத்து வளர்ந்தவை.

மிரட்டல் மட்டும் இல்லை, வளர்க்கவும் கற்றுக்கொண்டார்கள். மியாசாகி யாசுசாடா என்பவர் 1697ல் வெளியிட்ட விவசாயக் கலைக்களஞ்சியத்தில் மரம் நடுவதும் சேர்த்தி. விதை, நாற்று, ஒட்டுப்போடாமல் கிளையை வெட்டி நடுவது, களை எடுப்பது, இடையிடையே கலைத்துவிடுவது என்று சுகி மரத்தைப் பயிர் மாதிரியே வளர்த்தார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய ஒப்பந்தங்கள். நிலம் பிரபுவுடையது, நட்டு வளர்ப்பது கிராமம், பல பத்தாண்டு கழித்து வெட்டும்போது வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்வது. நட்டவனுடைய பேரன் காசு பார்ப்பான். நாங்கள் மூன்று மாத ரிலீஸுக்கே எஸ்டிமேஷன் போடத் திணறுகிறோம். இவர்கள் ஐம்பது வருஷத்துக்குப் போட்டிருக்கிறார்கள்.

காட்டை விட்டு ஊருக்குள் வந்தால் இன்னும் சுவாரஸ்யம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிவிடலாம்.

18ம் நூற்றாண்டில் எடோவில் சுமார் பத்து லட்சம் பேர். அத்தனை பேரின் மலமும் எங்கே போனது? விற்பனைக்குப் போனது. சுற்றுவட்டார விவசாயிகள் படகிலும் குதிரையிலும் வந்து, காசோ காய்கறியோ கொடுத்து அள்ளிப் போனார்கள். வாடகைக் குடியிருப்புகளில் அது வீட்டுக்காரருடைய வருமானம். ஒசாகாவில் மலம் வீட்டுக்காரருக்கு, சிறுநீர் குடித்தனக்காரருக்கு என்று உரிமை பிரித்திருந்தார்கள்! நல்ல சாப்பாடு சாப்பிடும் பணக்காரர் வீட்டுச் சரக்குக்கு விலை அதிகம். விலை ஏறிப்போனதால் கிராமங்கள் கூடி "விலையைக் குறைங்க" என்று மனு கொடுத்ததும் உண்டு. சாம்பல் வாங்க ஓர் ஆள், உருகி வழிந்த மெழுகை வாங்க ஓர் ஆள், கிழிந்த காகிதம் பொறுக்க ஓர் ஆள். லண்டனும் பாரிஸும் கழிவோடு மல்லுக்கட்டிய காலத்தில் எடோவில் அது உரமாக வயலுக்குப் போய், முள்ளங்கியாகத் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் நமக்கு ஒரு கேள்வி உடனே வரும், வரவும் வேண்டும்: அள்ளியது யார்? எடோவில் அது பெரும்பாலும் விவசாயிகளே செய்த வியாபாரம். சாதியைக் காட்டி யார் தலையிலும் கட்டிய வேலை இல்லை. அதற்காக ஜப்பானில் தீண்டாமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். செத்த மாட்டை அகற்றுவது, தோல் வேலை இதெல்லாம் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் தலையில்தான். அவர்களுடைய வம்சாவளிக்கு எதிரான பாகுபாடு இன்னும் முழுசாகப் போகவில்லை.

சரி, இதோடு நிறுத்தினால் இதுவும் ஒரு நல்ல ஃபார்வர்டு ஆகிவிடும். ஜேரட் டயமண்ட் 2005ல் எழுதிய புத்தகம் எடோ ஜப்பானை ஒரு வெற்றிக் கதையாகத்தான் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் அவரே ஒத்துக்கொள்கிற இன்னொரு பக்கமும் உண்டு.

ஜனத்தொகை 1720 வாக்கில் மூன்று கோடியை நெருங்கி, அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்றது. எப்படி நின்றது? லேட்டாகக் கல்யாணம் ஒரு காரணம். 1780களிலும் 1830களிலும் வந்த கொடும்பஞ்சங்கள் இன்னொன்று. மூன்றாவது, பிறந்த குழந்தையைக் கொல்வது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மபிகி. நெருக்கமாக முளைத்த நாற்றைப் பிடுங்கிக் கலைப்பதற்குச் சொல்லும் அதே வார்த்தை. இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் உரம். நகரத்துக் கழிவு எல்லாருக்கும் போதவில்லை. வடக்கே எசோ தீவில் (இன்றைய ஹொக்கைடோ) பிடித்த ஹெர்ரிங் மீனைக் காய்ச்சி, பிழிந்து, சக்கையைக் கப்பலில் கொண்டுவந்து மேற்கு ஜப்பானின் பருத்தி வயல்களில் போட்டார்கள். கொஞ்சம் மரமும் அங்கிருந்து வந்தது. எசோ யாருடையது? ஐனு மக்களுடையது. 1669ல் ஷகுஷைன் என்ற தலைவர் தலைமையில் எதிர்த்துப் பார்த்தார்கள், தோற்றார்கள். பின்னால் வியாபாரிகளின் மீன்பிடித் துறைகளில் கூலிகளாக வேலை பார்த்தார்கள், வெளியிலிருந்து வந்த அம்மை அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. ஜப்பானின் வயல் செழிப்பாக இருந்ததற்கு ஒரு பங்கு விலையை இவர்கள் கொடுத்தார்கள்.

காடும் முழுசாகத் திரும்பிவிடவில்லை. கிராமங்களை ஒட்டிய மலைகள் பல இடங்களில் 19ம் நூற்றாண்டிலும் புல்லும் மொட்டைப் பாறையுமாகத்தான் இருந்தன. இன்றைய ஜப்பானின் காடு எடோ காலத்தைவிட அடர்த்தி. ஆக, அவர்கள் சரிவைத் தடுத்து நிறுத்தினார்கள் என்பதுதான் நியாயமான மதிப்பீடு. அதுவே பெரிய விஷயம்.

அதை எப்படிச் சாதித்தார்கள் என்று யோசித்தால், இயற்கை மேல் இருந்த காதல்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே காதலோடுதான் முந்தைய தலைமுறை மலையை மொட்டையடித்தது. காரணம் இன்னும் சாதாரணமானது: வெட்டியதன் விளைவு வெட்டியவன் வீட்டு வாசலுக்கே வந்தது. நாகசாகியில் டச்சுக்காரர்களும் சீனர்களும் வியாபாரம் செய்தாலும், நாட்டுக்குத் தேவையான மரத்தை வெளியிலிருந்து கப்பலில் இறக்குகிற பேச்சே இல்லை. மலை போனால் அதே பிரபுவின் வயல் மூழ்கும், அதே பிரபுவின் வரி நெல் குறையும். தன் பேரனும் இதே மண்ணைத்தான் ஆளப்போகிறான் என்ற நம்பிக்கையும் இருந்தது. பில் கையில் வந்ததால் கணக்குப் பார்த்தார்கள். பில்லை எசோவுக்கு அனுப்ப முடிந்த இடத்தில் கணக்குப் பார்க்கவில்லை. அதே மனுஷன்தான் இரண்டையும் செய்தான்.

இந்த ஊகத்துக்குச் சாட்சி இருபதாம் நூற்றாண்டில் இருக்கிறது. போருக்குப் பின் ஜப்பான் தன் மலைகளில் சுகியையும் ஹினோகியையும் ஏராளமாக நட்டது. இன்று அதன் காட்டில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு இப்படி நட்டதுதான். ஆனால் 1960களில் மர இறக்குமதியைத் திறந்துவிட்டதும், வெளிநாட்டு மரம் மலிவாகக் கிடைத்தது. பிலிப்பைன்ஸில் ஆரம்பித்து, அப்புறம் இந்தோனேசியா, சபா, சரவாக் என்று மழைக்காடுகள் வரிசையாக வெட்டுப்பட்டன. ஜப்பான்தான் முக்கியமான வாடிக்கையாளர். 1987ல் சரவாக்கில் பெனான் பழங்குடிகள் மர லாரிகள் போகும் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் ஜப்பானின் சொந்த மலைகளில் சுகி மரம் வெட்ட ஆளில்லாமல் நின்றது. 2002ல் ஜப்பான் பயன்படுத்திய மரத்தில் சொந்த மரம் இருபது விழுக்காட்டுக்கும் கீழே. இப்போது நாற்பதைத் தொட்டிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு காடு என்று நாம் வியந்தோமே, அதில் ஒரு பகுதியின் விலை போர்னியோவில் கட்டப்பட்டது.

ஆகவே முன்னோர்கள் ஞானிகளா முட்டாள்களா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. பழைய சமூகங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: உங்க பில் எந்த விலாசத்துக்குப் போச்சு?

ஜப்பான்காரனை மட்டும் சொல்வானேன். பின்னாளில் சரவாக்கின் மரத்தை அதிகமாக வாங்கிய நாடுகளில் இந்தியாவும் உண்டு. போன வருஷம் லோன் போட்டு ஒரு ஃப்ளாட் வாங்கினேன். இதையெல்லாம் படித்தபின் பில்டரிடம், வாசக்கதவு எந்த ஊர் மரம் என்று கேட்டேன். "இம்போர்ட்டட் சார், நம்ம ஊர் மரம் இல்ல, கவலையே படாதீங்க" என்றார் பெருமையாக.