விசிலும் மௌனமும்: வாட்டர் போலோ மத்தியஸ்தர் உருவான வரலாறு

1877-ஆம் ஆண்டையொட்டி, ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் டீ ஆற்றங்கரையில் நடந்த போன் அக்கார்ட் விழாவில் ஒரு வேடிக்கையாகக் காட்டப்பட்ட 'நீர்க் கால்பந்து'க்கு விதிகள் வகுத்துக் கொடுத்தவர், கிளாஸ்கோவின் ஆர்லிங்டன் நீச்சல் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் வில்சன் என்பதே இவ்விளையாட்டின் பூர்வோத்தரத்தை ஆராய்வோர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் செய்தி. பால்ட்டி மொழியில் பந்தைக் குறிக்கும் 'புலு' என்ற சொல்லே பிறகு இதற்குப் போலோ என்ற பெயரைத் தந்தது.

அந்த ஆரம்ப காலத்து ஆட்டத்தை மல்யுத்தத்தின் ஒரு வகை என்று சொன்னாலும் பிழையாகாது. பந்தை நீச்சலுடைக்குள் செருகிக்கொண்டு கலங்கல் நீரில் மூழ்கி, எதிரியின் எல்லையருகே திடீரென்று தலைகாட்டுவதை ஆட்டக்காரர்கள் பெரும் சாமர்த்தியமாகக் கருதினார்கள். எல்லையைக் காப்பவனோ கரைமேல் நின்றபடியே, நெருங்கி வருகிறவன் தலைமீது குதிப்பான். பந்து எங்கே என்றே தெரியாத ஓர் ஆட்டத்தில் மத்தியஸ்தர் என்ன தீர்ப்பு வழங்கியிருக்க முடியும்? கைகலப்பை விலக்கிவிடும் ஊர்ப் பெரியவரின் ஸ்தானமே அவருக்கு வாய்த்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

1888-இல் லண்டனில் கழகங்களுக்கிடையே லீக் போட்டி தொடங்கியதும், 1890-இல் கென்சிங்டனில் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 4-0 என்ற கணக்கில் வென்றதும், 1908-இல் சர்வதேச நீச்சல் சம்மேளனம் பிறந்ததும், 1911-இல் அச்சம்மேளனம் பிரிட்டிஷ் விதிகளையே சர்வதேசப் போட்டிகளுக்கு ஏற்றுக்கொண்டதும் இவ்விளையாட்டின் நூல்களில் விரிவாகவே காணப்படுகின்றன. நமக்கு வேண்டியது மத்தியஸ்தர் கையிலிருந்த கொடிக்கோல். ஒரு முனையில் வெள்ளைக் கொடியும் மறுமுனையில் நீலக் கொடியும் கட்டிய, சுமார் 70 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் கோலை ஏந்திக்கொண்டு அவர் கரையோரமாக நடப்பார்; தவறு கண்டால் விசிலை ஊதி, பந்து வெள்ளைக் குல்லாயருக்கா நீலக் குல்லாயருக்கா என்பதை அந்தந்தக் கொடியைத் தூக்கிக் காட்டுவார். விசில் ஒலித்த மாத்திரத்தில், பந்து மீண்டும் எறியப்படும் வரை, நீரில் உள்ள அனைவரும் இருந்த இடத்திலேயே அசையாமல் மிதக்க வேண்டும் என்பது அன்றைய விதி. வெளியேற்றப்பட்டவனோ அடுத்த கோல் விழும் வரை திரும்பி வர இயலாது. ஆகையால் அன்றைய மத்தியஸ்தருக்கு விசில் என்பது ஆட்டத்தையே உறையச் செய்யும் மந்திரக்கோலாக இருந்தது. அதை அடிக்கடி ஊதினாரே என்று அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

1949-ஆம் ஆண்டையொட்டி இவ்விதி மாற்றப்பட்டு, விசில் ஊதிய பின்னும் ஆட்டக்காரர்கள் நீந்தலாம் என்று ஆனதுதான், மத்தியஸ்தரின் சரித்திரத்தில் எல்லாவற்றிலும் பெரிய திருப்பம் என்று நான் கருதுகிறேன். அதுவரை தவறைக் கண்டுபிடிப்பது மட்டுமே அவர் தொழில்; அதன்பின், ஊதுவதால் யாருக்கு அனுகூலம் என்று கணப்பொழுதில் எடைபோடுவதும் தொழிலாயிற்று. தவறிழைத்த அணிக்கே அனுகூலமாகுமெனில் அத்தவறுக்கு ஊதக் கூடாது என்ற கோட்பாடு இன்றைய விதிகளில் தெளிவாக இடம்பெற்றிருக்கிறது.

விசில் எத்தகைய விபரீதத்துக்கும் இடமாகும் என்பதற்கு 1956 டிசம்பர் 6 அன்று மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரியும் சோவியத் ரஷ்யாவும் மோதிய ஆட்டமே சாட்சி. ரஷ்யப் படைகள் ஹங்கேரியப் புரட்சியை நசுக்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. ஹங்கேரி 4-0 என்று முன்னணியில் நிற்க, ஆட்டம் முடியும் தறுவாயில் விசில் ஒலித்தது. எதற்காக ஊதினார் என்று அறிய ஹங்கேரி ஆட்டக்காரர் எர்வின் ஜாடோர் மத்தியஸ்தரை நோக்கித் திரும்பிய அந்தக் கணத்தில்தான், ரஷ்ய அணியின் ப்ரோகோபோவின் கை அவர் முகத்தில் இறங்கிற்று. கண்ணருகே பிளந்து இரத்தம் வழிய அவர் கரையேறியதும் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மீதி நேரத்தை ஆடாமலே மத்தியஸ்தர் ஆட்டத்தை முடித்து வைத்தார்.

பிற்காலத்தில் கொடிக்கோல் மறைந்தது. மத்தியஸ்தர் இருவராகி இரு கரைகளிலும் நின்றார்கள். தம் வலப்புறம் நடக்கும் தாக்குதலை ஒவ்வொருவரும் பிரதானமாகக் கவனிப்பது முறையாயிற்று. வெளியேற்றத்தின் காலமும் படிப்படியாகக் குறைந்து 20 விநாடிக்கு வந்தது. ஆயினும் இத்தொழிலின் சூட்சுமம் ஓர் உள்ளங்கையில் இருக்கிறது. பந்தின் மேல் கை பதிந்திருக்கும் வரை அவ்வாட்டக்காரனை எதிரி பொதுவாகப் பிடிக்கலாம், இழுக்கலாம், அமிழ்த்தலாம். கை விலகியதும் அதே பிடி குற்றமாகிவிடும். ஆகவே தேர்ந்த தாக்குநர், எதிரி முதுகில் விழும்போது விரல்களை மெல்ல எடுத்துவிட்டு மத்தியஸ்தரை ஓரக்கண்ணால் பார்ப்பார். எதிரி நெருக்கி, கையோடு பந்தும் நீருக்குள் போய்விட்டாலோ, விருப்பமின்றிப் போயினும் அது பந்து வைத்திருந்தவர் தவறே. அன்று நீச்சலுடைக்குள் பந்தை ஒளித்தவர்களின் சந்ததிக்கு இது தக்க தண்டனைதான்!

இந்த உள்ளங்கையைப் படிக்கக் கற்பதே புதிய மத்தியஸ்தரின் பயிற்சி. விதிப்புத்தகம் சில வாரங்களில் மனப்பாடமாகிவிடும், பரீட்சையிலும் தேறிவிடலாம். கடிகார மேஜையில் அமர்ந்து நேரமும் தவறுகளும் குறித்து, சிறுவர் ஆட்டங்களில் ஊதி, பெரியோர் ஆட்டங்களுக்கு உயர்ந்து, மேலே அமர்ந்து மதிப்பிடுவோரிடம் திட்டு வாங்கி, தேச சம்மேளனத்தின் பரிந்துரையோடு சர்வதேசப் பட்டியலில் ஏறுவதற்குள் வருஷங்கள் கழிந்துவிடும். தொடக்கத்தில் எல்லோரும் அளவுக்கு மீறி ஊதுவார்கள். ஊதாமல் இருக்கும் துணிவு பின்னால்தான் வருகிறது.

இன்று கோல் விழுந்ததா என்பதையும் கொடிய தாக்குதலையும் காணொளியில் மீண்டும் பார்க்க வழி உண்டு. சாதாரணத் தவறுக்கு ஊதிய விசிலுக்கு அந்த வழி இல்லை. பந்து மீண்டும் ஆட்டத்துக்கு வருவதற்குள் மட்டுமே மத்தியஸ்தர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம்.