குண்டு விழுமுன்னரே மாண்டவை

1939 செப்டெம்பர் 3 ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தது. அடுத்து வந்த நாட்களில் லண்டன் மாநகரின் மிருக வைத்திய நிலையங்களின் முன்னால் நீண்ட வரிசைகள் காணப்பட்டன. நின்றவர்களின் கைகளில் இருந்தவை நோயுற்ற பிராணிகள் அல்ல. நல்ல தேகநிலையில் இருந்த தமது நாய்களையும் பூனைகளையும் கொன்றுவிடுமாறு கேட்டே அவர்கள் வந்திருந்தனர். முதல் வாரத்தில் லண்டனில் மாத்திரம் சுமார் 4 இலட்சம் பிராணிகள் இவ்வாறு மாண்டதாக வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் தமது 2017 ஆம் ஆண்டு நூலில் குறிப்பிடுகின்றார். அப்போது அந்நகரின் மீது ஒரு குண்டேனும் விழுந்திருக்கவில்லை.

இதற்கு அரசாங்கக் கட்டளை எதுவும் இருக்கவில்லை என்பது கவனத்திற்குரியது. விமானத் தாக்குதல் வேளையில் பிராணிகளைக் கவனிப்பதற்கென அமைக்கப்பட்ட குழுவொன்று, போருக்குச் சற்று முன்னர் துண்டுப்பிரசுரம் ஒன்றை வெளியிட்டது. இயலுமாயின் பிராணிகளை முன்கூட்டியே நாட்டுப்புறத்திற்கு அனுப்புங்கள், எவரிடமும் ஒப்படைக்க முடியாவிடின் அவற்றின் உயிரை முடித்துவிடுவதே கருணை என்பது அதன் சாரம். பொதுப் பதுங்கிடங்களில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகள் நாட்டுப்புறத்திற்கு அனுப்பப்பட்டுக் கொண்டிருந்தனர். உணவுத் தட்டுப்பாடு வரும் என்ற அச்சமும் பரவியிருந்தது. பிராணிகள் நலச் சங்கங்கள் அவசரப்பட வேண்டாம் என வேண்டிக்கொண்டன. ஆயினும் மக்கள் பிரசுரத்தின் முதற் பகுதியை விட்டு, இறுதிப் பகுதியையே பற்றிக்கொண்டனர். காரணம் எளிது. நாட்டுப்புறத்தில் உறவோ நட்போ இல்லாத ஏழைத் தொழிலாளி தன் நாயை யாரிடம் அனுப்புவான்?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஹமில்டன் கோமகள் நினா குறிப்பிடத்தக்கவர். லண்டனில் கைவிடப்படவிருந்த நாய், பூனைகளுக்கு நாட்டுப்புற வீடுகளில் இடம் தருமாறு வானொலி மூலம் அவர் வேண்டுகோள் விடுத்தார். கிழக்கு லண்டனின் வறிய பகுதிகளுக்குத் தமது பணியாளரை அனுப்பிப் பிராணிகளைச் சேர்ப்பித்தார். அவை முதலில் சென் ஜோன்ஸ் வூட்டிலிருந்த அவரது இல்லத்திலும், பின்னர் வில்ட்ஷயர், டோர்செட் எல்லையிலுள்ள ஃபேர்ன் என்ற அவரது பண்ணையிலும் பராமரிக்கப்பட்டன. இரவெல்லாம் நாய்கள் குரைப்பதாக லண்டன் அயலவர்கள் முறையிட்டபோது, அவர்களிடம் மன்னிப்புக் கோரினாரேயன்றிப் பணியை நிறுத்தவில்லை.

பெரும் குண்டுவீச்சு ஆரம்பமானது 1940 செப்டெம்பர் 7 ஆம் திகதியாகும். இடையில் ஓராண்டு முழுவதும் கழிந்திருந்தது. அவ்வோராண்டு காலத்திற்கு வேறொருவர் வீட்டுத் திண்ணை கிடைத்திருப்பின் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும். தற்காலிகமான ஓர் இக்கட்டிற்கு நிரந்தரமான முடிவொன்றை எடுத்துவிட்டோமே எனப் பலர் பின்னர் வருந்தினர். மேற்குறித்த குழுவும் பின்னாளில் பிராணிகளைப் பதிவுசெய்து, கழுத்துப்பட்டியில் இலக்கத் தட்டு அணிவித்து, காணாமற் போனவற்றை உரியவரிடம் சேர்ப்பிக்க முற்பட்டது.

அந்த இலக்கத் தட்டின் அருமை 2005 ஆகஸ்ட்டில் கத்ரினா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தாக்கியபோது மீண்டும் உணரப்பட்டது. பிராணிகளை விட்டுவர மனமின்றிப் பலர் வெள்ளத்திலேயே தங்கினர். மீட்கப்பட்ட பிராணிகள் தூர மாநிலங்களின் வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அடையாளம் இல்லாமையால் பல உரியவரிடம் திரும்பவில்லை. சில வழக்குமன்றம் வரை சென்றன. அவசரகாலத் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் 2006 ஒக்டோபரில் அங்கு நடைமுறைக்கு வந்தது.

இன்று காப்பகங்கள் சில வாரங்களுக்கெனப் பிராணிகளை வீடுகளில் ஒப்படைப்பதைச் சிலர் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என எண்ணுகின்றனர். படலையைச் சாத்திவிட்டு, பின்னால் ஓடிவந்த நாயைத் திரும்பிப் பாராமல் இடம்பெயர்ந்தவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.